அடிபட்டவன் சொல்லும் சாட்சி

கடந்த நோன்புப் பெருநாள் விடுமுறையில், பதுளையில் தங்கையின் வீட்டில் இருந்தேன். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த மாலை. தங்கையின் மகன் தன் கைத்தொலைபேசியை என் முன் நீட்டினான். திரையில் இரும்புத் தலைக்கவசமும் மார்புக் கவசமும் அணிந்த இருவர் ஒருவரையொருவர் வாளால் விளாசிக்கொண்டிருந்தனர். திடீரென ஒருவன் கை நிறுத்தித் தரையில் சாய்ந்தான். சற்றுப் பொறுத்து எழுந்து எதிராளியைக் கட்டிக்கொண்டான்.

"மாமா, இதைப் பழகினால் பாவமா?" என்று கேட்டான்.

அவனுக்குப் பதினேழு வயது. குசினியில் நின்ற அவனது உம்மாவின் கை ஒரு கணம் ஓய்ந்ததைக் கண்டேன். அந்த வீட்டில் ஆயுதம் என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அவன் காட்டிய பொழுதுபோக்குக்கு அறுபது வயதாகிறது. 1966 மே மாதம் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், ஒரு வீட்டின் பின்முற்றத்தில் கூடிய சில இளைஞர்கள் மத்திய கால ஐரோப்பிய உடையணிந்து வாட்போட்டி நடத்தினர். அது இன்று பல நாடுகளிலும் கிளை விரித்த சங்கமாகியிருக்கிறது. அவர்களின் கவசம் உண்மையானது. வாள் மட்டும் பிரம்பு. குர்ஆன் மத்ரஸாவில் நம்மில் பலர் அறிந்த அதே பிரம்புதான்; தடிமன் அதிகம்.

விதிகள் எளியவை. கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொள்ள வேண்டும். காலில் பட்டால் முழங்காலில் நின்று பொருத வேண்டும். தலையிலோ உடலிலோ பலமாகப் பட்டால் அவன் மாண்டவன். ஆனால் பட்டதா, போதிய பலத்துடன்தான் பட்டதா என்று தீர்ப்பவர் யார்? மேற்பார்வையாளர் அல்லர், அவர் பாதுகாப்பைக் கவனிப்பவர். அடித்தவனும் அல்லன். அடிபட்டவனே தன் வாயால் சொல்ல வேண்டும். கவசத்தின் உள்ளே என்ன உணரப்பட்டது என்பது உள்ளே இருப்பவனுக்குத்தானே தெரியும்!

இதே ஈடுபாட்டின் இன்னொரு வடிவம், 2010இல் உக்ரைனின் ஹொத்தின் கோட்டையில் தொடங்கிய 'நாடுகளின் போர்' என்ற போட்டி. அங்கே முனை மழுக்கிய இரும்பு ஆயுதங்கள். தரையில் வீழ்ந்தவன் ஆட்டத்துக்கு வெளியே. அதை நடுவர் கணக்கிடுகிறார். அங்கே பொய் சொல்ல இடமில்லை; ஆகவே உண்மை சொல்லவும் இடமில்லை. என் மனம் பிரம்பு வாளின் பக்கமே சாய்கிறது.

மருமகனின் கேள்விக்கு மார்க்கத்தில் பதில் தேடுவோர்க்கு இரண்டு செய்திகள் அருகருகே கிடைக்கின்றன. பெருநாள் தினமொன்றில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டிகளும் கேடயங்களும் ஏந்தி விளையாடியதையும், நபிகளார் (ஸல்) அதை அனுமதித்து, ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்து மகிழ வழிசெய்ததையும் புஹாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்கள் பதிந்துள்ளன. சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்ட வேண்டாம், ஷைத்தான் கையைப் பிசகச் செய்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதே கிரந்தங்களில் உண்டு. இரண்டுக்கும் முரண் இல்லை. விளையாட்டில் எதிரே நிற்பவன் தானே விரும்பி வந்து நிற்கிறான். மிரட்டலில் அவன் விருப்பம் கேட்கப்படுவதில்லை. ஆயுதம் ஒன்றாயினும் செயல் இரண்டு.

ஆனால் இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது. போரை விளையாட்டாக்குவது, போரில் மாண்டவர்களை மறப்பதாகாதா?

இதற்கு ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. கவசமணிந்த ஐரோப்பியர் ஊவாவுக்கே வந்திருக்கின்றனர். 1630 ஆகஸ்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பெரும்படையுடன் பதுளைக்கு ஏறி வந்து நகரை எரித்தான். திரும்பும் வழியில், வெல்லவாயவை அண்டிய ரந்தெனிவெலவில் கண்டி மன்னன் செனரத்தின் படை அவனை வளைத்தது. மழையில் வெடிமருந்து நனைந்து துப்பாக்கிகள் பயனற்றுப் போயின. அவனுடன் வந்த உள்ளூர்ப் படையினர் பெருமளவில் மறுபக்கம் மாறினர். த சா அங்கேயே மாண்டான்.

நமக்கு இது வெறும் பழங்கதையன்று. 1626இல் போர்த்துக்கேய ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியவன் இதே த சா. வெளியேற்றப்பட்டவர்களுக்கு இடமளித்து, 4000 பேரளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியவன் இதே செனரத். ரந்தெனிவெலவை நாளை விளையாட்டாக நடித்தால் நம் பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று கேட்கவே வேண்டாம். ஆனால் த சாவின் தலைக்கவசத்தை யார் அணிவது? அதை அணிய ஒருவனும் முன்வராவிட்டால் அங்கே நடப்பது விளையாட்டல்ல, ஊர்வலம். பகைவனின் கவசத்துக்குள் புகுந்து, அவன் வாங்கிய அடியை வாங்கி, அவனைப் போல் விழுந்து பார்ப்பவனே மாண்டவனை நினைவில் வைக்கிறான்.

இதை எனக்கு முதலில் கற்றுத்தந்தவர் ஒரு தோட்டத் தொழிலாளி. மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் தலைமுறைகளாக ஆடப்பட்டு வருபவை. சிறுவயதில் பசறைப் பக்கத் தோட்டமொன்றில் பொன்னர் சங்கர் பார்த்தேன். சங்கராக ஆடியவர் வாப்பாவின் கடைக்குச் சாமான் வாங்க வருபவர். தகர வாள், மினுங்கும் காகிதம் ஒட்டிய மார்புக் கவசம். முடிவு எல்லோருக்கும் தெரியும். தம்பி தன் வாளாலேயே மாள்வான். தெரிந்தும் சனம் பனியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலை அந்த ராசா பிரட்டுக் களத்தில் கவ்வாத்துக் கத்தியுடன் வரிசையில் நின்றார். பிறகு கடைக்கு வந்தபோது அவரிடம் வாள்வீச்சைப் பற்றி வியந்து கேட்டேன். "அடிக்கிறது லேசு தம்பி. விழுறதைத்தான் பழகணும்" என்றார்.

பெர்க்லியின் விதியும் பசறையின் வாக்கும் ஒன்றுதான். தோற்றதைத் தானே ஒப்புக்கொள்ளப் பழகுவதே இந்த வித்தையின் பயன். மற்றதெல்லாம் உடற்பயிற்சி.

இனி, அந்த வீட்டின் கதை. தங்கையின் மாமனார் கிழக்கிலிருந்து பதுளைக்கு வியாபாரத்துக்கு வந்தவர். இளமையில் சீனடி பழகியவர். கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் கல்யாணங்களிலும் வரவேற்புகளிலும் கம்பும் வாளும் சுழற்றி ஆடப்படும் கலை அது. அவர் மௌத்தான பின்னும் அவரது கம்பு கதவு மூலையில் சாத்திக் கிடந்தது. பேரனுக்கு முதல் நான்கு சுவடுகளை அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தேடுதல்கள் தொடங்கின. மே மாதத் தொடக்கத்தில் வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் பொதுமக்களைக் கேட்டனர். தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "நானா, மாமாட கம்பு இருக்கு. என்ன செய்ய?" வாளல்ல, வெறும் கம்பு. "அடுப்பில் வை" என்றேன். வைத்தாள். பத்து வயதுப் பேரன் தேடியபோது, தொலைந்துவிட்டது என்று இருவரும் சொன்னோம்.

அந்த நாட்களில் எல்லோருமே அடிபட்டிருந்தோம். பெருநாள் திருப்பலிக்குப் போய்ப் பிள்ளைகளை இழந்தவர்களின் அடிக்கு முன் நம் அடி சிறிது. ஆனால் எல்லோரும் பட்டதையே பேசினோம். எம் பெயரைச் சொல்லி அடித்தவர்கள் எம்மிடையே வளர்ந்ததை முழு வாயால் சொல்ல நமக்கு நாளெடுத்தது. ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகித்ததைச் சொல்ல மற்றவர்களுக்கும் இன்னும் வாய் வரவில்லை.

இங்கேதான் அந்த நல்ல விளையாட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. களத்தில் அடிபட்டவன் சாட்சி சொன்னால் போதும். அடித்தவன் பேசாமல் நிற்கலாம். வாழ்க்கையில் அடிபட்டவனின் சாட்சி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அங்கே அடித்தவன்தான் வாய்திறக்க வேண்டும். அந்தப் பாதியை எந்தக் கவசமும் பிரம்பும் கற்றுத்தராது. நாமே கற்க வேண்டும்.

"பாவமில்லை மகன்" என்றேன். "ஆனால் பட்டால் பட்டது என்று சொல்லப் பழகு. சொல்ல முடியாவிட்டால் அதைத் தொடாதே."

பிறகு, இத்தனை வருடம் சொல்லாததையும் சொன்னேன். மூத்தவாப்பாவின் கம்பு தொலையவில்லை. எரிக்கச் சொன்னது நான்.

அவன் தொலைபேசியை அணைத்தான். அடுக்களையிலிருந்து அவனது உம்மா வந்து வாசற்படியில் நின்றாள். வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவன் எழுந்து, வெறுங்கையுடன், முதல் நான்கு சுவடுகளை வைத்துக் காட்டினான்.