ஆற்றைப் பார்க்க என்ன காரணம்?

அரூரிலிருந்து அனுமன்தீர்த்தம் இருபது கிலோமீட்டருக்குள்தான். ஊத்தங்கரை சாலையைப் பிடித்துப் போனால் தென்பெண்ணை வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாங்கள் நான்கு பெண்கள் சைக்கிளில் அங்கே போவது, கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவது. இவ்வளவுதான் திட்டம். இதைச் செய்து முடிக்க எங்களுக்கு இரண்டரை மாதம் பிடித்தது.

என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் இதே ஆற்றுக்குப் போனபோது அவர்களுடைய திட்டம் வாட்ஸ்அப்பில் ஒரே வரி: "அஞ்சு மணி, பஸ் ஸ்டாண்டு." எங்கள் திட்டம் நோட்டுப் புத்தகத்தில் மூன்று பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் வழி, காற்று, பஞ்சர் சாமான், தண்ணீர். ஆண்களும் இதையெல்லாம் யோசிப்பார்கள். இரண்டாம் பக்கத்தில், யார் வீட்டில் யார் காலை டிபன் செய்வது, எந்த வாரம் யாருக்குத் தூரம், துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் என்ன உடுத்துவது, யாராவது பைக்கில் பின்தொடர்ந்தால் எந்த ஊரில் நிற்பது. மூன்றாம் பக்கம் முழுக்க ஒரே விஷயம்: ஒன்றுக்குப் போக எங்கே இடம்?

முதல் பக்கத்தில் ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் என்று எழுதியதை, மூன்றாம் பக்கம் எழுதும்போது ஒரு பாட்டிலாகத் திருத்தினோம். நாற்பது கிலோமீட்டர் மிதிக்கப் போகிறவள் எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதை அவள் தாகம் முடிவு செய்யவில்லை. வழியில் கதவுள்ள ஓர் இடம் இருக்கிறதா என்பதே முடிவு செய்தது.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாமல் நின்றது, நான்கு வீட்டிலும் வந்த ஒரே கேள்வி. "எதுக்கு?"

ஒருத்தி, அனுமன்தீர்த்தத்தில் குளித்துவிட்டுத் தீர்த்தமலை போவதாக வேண்டுதல் என்றாள். அந்த மலைக்குப் போகிறவர்கள் முதலில் இந்த ஆற்றில் மூழ்குவது வழக்கம் என்பதால் பொய் நன்றாகப் பொருந்தியது. இன்னொருத்தி, சுகருக்கு டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னதாகச் சொன்னாள். மூன்றாமவள், பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போக இடம் பார்க்க வேண்டும் என்றாள். எனக்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. ஆற்றைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே போவதற்குப் பயனுள்ள காரணம் ஒன்றைக் காட்டியே ஆக வேண்டுமா? காட்டித்தான் பெற வேண்டுமென்றால் அதைச் சுதந்திரம் என்று சொல்லலாமா, அனுமதி என்று சொல்ல வேண்டுமா? அந்த இரண்டரை மாதமும் இதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

தமிழ்நாட்டில் பெண்ணையும் சைக்கிளையும் சேர்த்துப் பேசினால் புதுக்கோட்டையில்தான் தொடங்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிப் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் கற்றார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனும் ஏற்பாடானது. தண்ணீர் கொண்டுவரலாம், பிள்ளையைப் பள்ளியில் விடலாம், விளைந்ததைச் சந்தைக்கு எடுத்துப்போகலாம் என்று அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்கள் எல்லாமே உண்மை. ஆனால் அங்கே போய் எழுதிய பி. சாய்நாத், பொருளாதாரப் பயனை மட்டும் பெரிதாகப் பேசுவது தவறு என்பதையும் பதிவு செய்தார். தன் காலால் தான் நினைத்த இடத்துக்குப் போக முடிகிறது என்ற உணர்வுதான் அந்தப் பெண்களுக்குப் பெரிதாக இருந்தது.

பிறகு அரசின் இலவச சைக்கிள் வந்தது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் அனைவருக்கும் விரிந்த திட்டம். எங்கள் பக்கத்தில் அந்த சைக்கிளால் படிப்பைத் தொடர்ந்த பெண்கள் நிறையப் பேர். ஆனால் பிளஸ் டூ முடிந்த அடுத்த மாதம் அந்த சைக்கிள் எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் நால்வரில் ஒருத்தியுடையது அவள் அப்பாவின் பால் கேனைச் சுமக்கப் போனது. இன்னொருத்தியுடையதைத் தம்பி எடுத்துக்கொண்டான். பள்ளி என்ற காரணம் தீர்ந்ததும் சைக்கிளும் தீர்ந்தது. காரணத்தோடு வரும் உரிமை, காரணம் முடிந்தால் திரும்பப் போய்விடுகிறது.

2021இலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. "பஸ்ஸுலயே போயிட்டு வரலாமே, காசா பணமா?" என்றார் என் மாமியார். நியாயமான கேள்வி. வழியைப் பார்த்துவர நான் ஒருநாள் பஸ்ஸில்தான் போனேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும். சைக்கிளை, குச்சிக்கிழங்குக் காட்டு ஓரத்தில் மயில் நின்றால் அங்கே நிறுத்தலாம். நினைத்த இடத்தில், ஒன்றும் செய்யாமல் நிற்பதற்குத்தான் எங்களுக்கு அது வேண்டியிருந்தது. மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய நூலின் வாதமும் இதுதான். வேலை, படிப்பு, கோயில் என்று காரணத்தோடு தெருவில் இருக்கும் பெண்ணைச் சமூகம் பொறுத்துக்கொள்கிறது. சும்மா நிற்கும் பெண்ணைப் பொறுப்பதில்லை. சும்மா நிற்பதையே உரிமையாகக் கேட்க வேண்டும் என்றார்கள் அவர்கள். பெருநகரத்துக் கடற்கரையில் கேட்டதை அனுமன்தீர்த்தத்தில் கேட்கக் கூடாதா?

"காலம் கெட்டுக் கிடக்குது, வீட்டுல இருந்தா பத்திரம்" என்பது அடுத்த தடை. இதைச் சொல்கிறவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அரூர் தாலுகாவில் இருந்துகொண்டு இதை எப்படி நம்புவது? சித்தேரி மலையடிவார வாச்சாத்தியில், 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்தபோது, அந்தப் பெண்கள் ஊர்சுற்றவா போயிருந்தார்கள்? தங்கள் ஊரில், தங்கள் வேலையில் இருந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. வீட்டில் இருப்பது அவர்களைக் காக்கவில்லை. நியாயம் கிடைத்தது, அவர்கள் ஊரை விட்டு வெளியே வந்து, கோர்ட்டுப் படியேறி, வாய்திறந்து சொன்னதால். பத்திரம் என்ற பெயரில் பெண்ணின் நடமாட்டத்தைக் குறைக்கிறவர்கள், ஆபத்து செய்கிறவனின் நடமாட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

என்னைத் தடுமாற வைத்த கேள்வி எங்களுக்குள்ளிருந்தே வந்தது. எங்களில் ஒருத்தி காலனியிலிருந்து வருகிறவள். ஒருநாள் சொன்னாள்: "அக்கா, உங்களை நிறுத்துனா எங்க போறீங்கன்னு கேப்பாங்க. என்னைய நிறுத்துனா யாரு வூட்டுப் பொண்ணு, எந்தத் தெருன்னு கேப்பாங்க. நீங்க சும்மான்னு சொல்லலாம். நான் சொல்ல முடியுமா?" வேண்டுதல் என்று பொய் சொன்னவள் அவள்தான்.

அதுவரை அந்தப் பொய்யின் மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. பொய்க் காரணம் நமக்கு வழி திறந்துவிடுகிறது. ஆனால் காரணம் வேண்டும் என்ற சட்டத்தை இன்னும் இறுக்கிவிட்டுப் போகிறது. இன்று வேண்டுதல் என்றால் நாளை வருகிறவள் அதைவிடப் பெரிய காரணம் கொண்டுவர வேண்டும். இந்த வாதம் சரிதான். ஆனால் உண்மை சொல்வதற்கான விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. எனக்கு ஒரு முகச்சுளிப்பு. அவளுக்கு அடியாகவும் இருக்கலாம், ஊர்ப் பேச்சாகவும் இருக்கலாம். விலை அதிகம் கொடுக்க வேண்டியவளிடம் போய் நீ உண்மை பேசு என்று அறம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் கையில் சம்பளம் இருக்கிறது, என் சாதிக்குத் தெருவில் கேள்வி குறைவு. குறைந்த விலை கொடுக்கிறவள்தான் முதலில் "சும்மா" என்று சொல்லக் கடமைப்பட்டவள். அந்தச் சொல் ஊரின் காதுக்குப் பழகினால்தான் ஒருநாள் அவளும் பொய்யில்லாமல் புறப்பட முடியும்.

அன்று இரவு மாமியாரிடம் சொன்னேன். "வேற ஒண்ணுமில்ல அத்தை. சும்மா, ஆத்தைப் பாக்கப் போறேன்." இரண்டு நாள் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தோம். தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடியது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, எங்கே போகிறோம் என்று கேட்டார். ஆற்றைப் பார்க்க வந்தோம் என்றதும், "பாருங்க, பாருங்க. காலையிலதான் நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு, மேலே உட்கார நிழல் இருக்கிற இடத்தைக் கைகாட்டினார். வேலை செய்கிறவர்களுக்கு ஆற்றின் அழகு தெரியாது, அது நேரம் இருக்கிறவர்களின் ஆடம்பரம் என்று நானே சில சமயம் நினைத்ததுண்டு. எந்த நேரத்தில் அந்த ஆறு அழகு என்று எங்களுக்குச் சொன்னவர் அவர்தான்.

வீடு திரும்பியபோது பதினொன்றாகிவிட்டது. மாமியார் டிபனை மூடி வைத்திருந்தார். "தண்ணி போவுதா ஆத்துல?" என்று கேட்டார். போகிறது என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஆடிப்பெருக்குக்கு அங்கே போனதாகவும், அதற்குப் பிறகு போகவே வாய்க்கவில்லை என்றும் சொன்னார். நோட்டில் அடுத்த பக்கம் இன்னும் எழுதவில்லை. அவரால் சைக்கிள் மிதிக்க முடியாது என்பதால் அவருக்குப் பஸ் நேரம் பார்த்து வைத்திருக்கிறேன்.