வானம் பார்த்த பூமியும் இறைவன் நாட்டமும்

மழை பொய்த்தால் இறைவன் நாட்டம் என்று பொறுத்திருப்பது இறைநம்பிக்கையா, மண்வெட்டியைக் கையில் எடுப்பது இறைநம்பிக்கையா? மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் இந்தக் கேள்விக்கு யாகூபா சவடோகோ தன் நிலத்திலேயே விடை சொன்னார். சிறுவயதில் மாலியில் குர்ஆன் பள்ளியில் ஓதியவர் அவர். பின்னாளில் வஹிகூயா நகரச் சந்தையில் வியாபாரம் செய்தார். 1980களின் தொடக்கத்தில் வறட்சிக்கு அஞ்சி ஊர் ஊராகச் சனங்கள் வெளியேறிக்கொண்டிருந்தபோது, கடையை விட்டுவிட்டுக் கூர்கா கிராமத்து வயலுக்குத் திரும்பினார்.

ஓடு போல இறுகிய மண். அதில் கோடையிலேயே சாண் அகலக் குழிகளை வெட்டி, எருவும் சருகும் போட்டார். எருவைத் தேடிக் கரையான் வந்தது. அது துளைத்த வழிகளில் முதல் மழை நீர் ஓடிப்போகாமல் உள்ளே இறங்கியது. கம்பும் சோளமும் முளைத்தன. ‘ஜாய்’ என்ற அந்தக் குழிமுறை அங்கே பழையதுதான். குழியை அகலமாக்கி எருவிட்டது அவர் செய்த மாற்றம்.

ஊரார் பைத்தியம் என்றார்கள். வழக்கத்தை மீறுகிறார் என்று பெரியவர்கள் எதிர்த்தார்கள். அவர் வளர்த்த மரங்களுக்குத் தீயும் வைக்கப்பட்டது. ஆனாலும் 1984 முதல் தன் நிலத்தில் சந்தை நாட்கள் நடத்தினார். வந்த உழவர்கள் அங்கே விதைகளைப் பகிர்ந்துகொண்டார்கள், வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். 2018இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது அவரைத் தேடி வந்தது. 2023 டிசம்பரில் மறைந்தார்.

முயற்சியும் வழிபாடுதான் என்று இத்தோடு முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான்.

ஒரு ஹெக்டேரில் குழி வெட்ட ஏறத்தாழ 300 மணி நேர உழைப்பு வேண்டும். அதுவும் குதிரில் தானியம் குறைந்துகொண்டே வரும் கோடையில். கணவனை இழந்து பிள்ளைகளோடு இருக்கும் பெண்ணுக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வரும்? மாடில்லாதவர் எருவுக்கு எங்கே போவார்? ‘நீ உழைத்திருந்தால் இறைவன் கொடுத்திருப்பான்’ என்று பசித்தவரிடம் சொல்வது பக்தியே இல்லை, அது கொடுமை. சவடோகோவின் வாழ்க்கையை அப்படிச் சொல்வதற்குச் சான்றாகக் காட்டுவது அவருக்கே செய்யும் அநீதி.

பசித்த வேளைக்குத் தானியம் கொடுப்பது நிற்கவே கூடாது. அதோடு, ஜகாத்தோ தேவாலயக் காணிக்கையோ, தர்மம் என்று திரட்டும் பணத்தில் ஒரு பங்கு கோடையில் குழி வெட்டுவோரின் கூலிக்கும், எருவுக்கும், அதைக் கொண்டுசேர்க்கும் வண்டிக்கும் போகவேண்டும். அந்தப் பணம் மழைக்கு முன்பே அவர்கள் கைக்குச் சேரட்டும்.