மூன்றாம் தடவை

"குற்றங்களை இரும்புக் கரம் கொண்டு அடக்குவோம்" என்று மேடைகளில் முழங்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நியூசிலாந்தில் அதே எண்ணத்துக்கு வழங்கும் பெயர் "த்ரீ ஸ்ட்ரைக்ஸ்". பேஸ்போல் ஆட்டத்தில் மூன்று பந்துகளைத் தவறவிட்டவர் வெளியேற வேண்டும். கிரிக்கெட் ஆடும் இந்த நாட்டுக்கு அது அமெரிக்காவிலிருந்து வந்த இரவல் சொல். 1994இல் அதைச் சட்டமாக்கிய கலிபோர்னியாவில், ஒன்பது வீடியோ நாடாக்களைத் திருடிய ஒருவர் 50 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை பெற்றார்.

இங்கு அச்சட்டம் 2010இல் வந்தது. பாரிய குற்றத்தை மூன்றாம் தடவை செய்தவருக்கு, அக்குற்றத்துக்குரிய உச்சத் தண்டனையே விதிக்கப்படவேண்டும். 2016இல் வெலிங்டன் தெருவில், மனநோயாளி ஒருவர் முன்பின் அறியாத பெண்ணைப் பலவந்தமாக முத்தமிட்டார். அது குற்றமே. ஆனால் மூன்றாம் தடவை என்பதால் ஏழு ஆண்டுச் சிறை! 2021இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. 2022இல் சட்டமே நீக்கப்பட்டது. 2024இல் மீண்டும் நிறைவேறி, 2025 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. வெளிப்படையான அநீதி நேருமானால் விலகிச் செல்ல இம்முறை நீதிபதிக்கு இடமுண்டு. இது நல்லதே.

இதையெல்லாம் தூர நின்று பேசும் உரிமை நமக்கில்லை. 2022 நவம்பரில் சாண்ட்ரிங்ஹாமில் டெய்ரிக் கடையில் பணிபுரிந்த இந்தியர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டபோது, கடுமையான சட்டம் வேண்டும் என்று கேட்டவர்களில் நாமும் இருந்தோம். ஆனால் காரை மோதிக் கடைகளை உடைத்தவர்களில் பலர் பள்ளி வயதுப் பிள்ளைகள். இச்சட்டமோ 18 வயது நிறைந்தவர்களுக்கே. நாம் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

வள்ளுவர் தண்டனையே வேண்டாம் என்றவர் அல்லர். முதலில் தக்கவாறு ஆராயச் சொல்கிறார். பிறகு கடுமையாக ஓங்கி, மெல்ல அடிக்கச் சொல்கிறார். எண்ணிக்கை ஆராய்வதில்லை. ஆராயாத தீர்ப்பால் மதுரை எரிந்த கதையைத்தானே நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பில் சொல்கிறோம்?

ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது கதை மட்டுமல்ல. இலங்கையில் 1979இல் தற்காலிகமென்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. அதன் கீழ் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்களின் உறவினர் நம் கோயிலிலும் உண்டு. அன்னதானப் பந்தியில் பெரியவர் ஒருவர் சொன்னார்: "இஞ்ச மூண்டு தரமெண்டாலும் எண்ணுறாங்கள். எங்களுக்கு அங்க ஒரு தரமும் தரேல்லை."

பக்கத்தில் இருந்த கடைக்காரத் தம்பி சிரிக்கவில்லை. "அது சரி அண்ணை. ஆனா நான் இப்பவும் பொழுதுபட முன்னமே ஷட்டரை இழுத்துப் பூட்டுறன்" என்றார்.