கேட்டலும் சிந்தித்தலும்: பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் சைவ மாணாக்கர் பொருட்டு

சிவமயம்



பொதுப் பரீட்சை தொடங்குவதற்கு முந்திய வெள்ளிக்கிழமையிலே நம்மூர்ப் பிள்ளையார் கோயிலுக்குச் சென்று பார்ப்பீர்களாயின், மூலமூர்த்தியின் திருமுன்னே தட்டுத் தட்டாகப் பேனைகளும் பரீட்சை அநுமதி அட்டைகளும் வைக்கப்பட்டிருத்தலைக் காண்பீர்கள். குருக்கள் அவற்றின்மேல் விபூதியும் புஷ்பமும் இட்டு அருச்சனை செய்து திருப்பிக் கொடுப்பர். பிள்ளைகள் அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செல்வர். இது நல்ல வழக்கம். யான் இதனைக் குறை கூற வந்தேனல்லேன். ஆயினும், அப்பேனையைப் பெற்றுச் செல்லும் பிள்ளையை வெளிவீதியில் மறித்து, நேற்றுப் படித்த பாடத்தைப் புத்தகம் பாராமற் சொல்லுக என்று கேட்டால், பெரும்பாலும் வரும் விடை இதுவே: "சேர், நோட்ஸ் எல்லாம் கிடக்குது. இன்னொருக்கால் வாசிச்சாச் சரி." இந்த இன்னொருக்கால் என்னும் சொல்லே எத்தனையோ பிள்ளைகளைக் கெடுத்தது. இன்று யான் பேசப்புகுவது அதனைப் பற்றியே.

சாதாரண தரத்துச் சைவநெறிப் பாடத்திலே சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களையும் ஒப்புவியாத பிள்ளை இல்லை. அவற்றுள் ஞானமானது கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்காக வகுக்கப்படும். குருவின் வாயிலாகப் பொருளைக் கொள்ளுதல் கேட்டல். கொண்டதனைத் தனித்திருந்து தன் உள்ளத்திலே மீட்டுப் பார்த்தல் சிந்தித்தல். அங்ஙனம் மீட்கும்பொழுது எழும் ஐயத்தையும் திரிபையும் நீக்கிக்கொள்ளுதல் தெளிதல். தெளிந்த பொருளில் அசைவின்றி நிற்றல் நிட்டை. இவை ஏணியின் படிகள் போல்வன. முதற்படியில் நின்றுகொண்டே மேல்மாடத்தை எட்ட ஒருவராலும் இயலாது.

நம் பிள்ளைகளோ முதற்படியிலேயே காலங்கழிக்கின்றார்கள். விடியற்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு ரியூற்றறி, பின்பு பாடசாலை, பிற்பகல் மற்றோர் ரியூற்றறி, சனி ஞாயிறுகளிற் காலை தொடங்கி இரவு வரையும் கருத்தரங்கு. ஒரே பாடத்தை மூன்று ஆசிரியரிடம் கேட்கும் பிள்ளையும் உண்டு. கேட்டதைத் தனியே இருந்து சிந்தித்தற்கு அவனுக்கு ஒரு நாழிகையேனும் உண்டா? வீட்டுக்கு வந்து நோட்ஸை விரித்து மஞ்சள் மையாற் கோடிட்டுக் கோடிட்டு வாசிக்கிறான். கண்ணுக்குப் பழகிய எழுத்தைக் காணுந்தோறும் இது எனக்குத் தெரியும் என்று மனம் மகிழ்கின்றது. பழக்கம் வேறு, அறிவு வேறு என்பது வினாத்தாளைக் கண்டபின்பே அவனுக்குப் புலப்படும்.

இது சைவ சமயிகள் தம் நூலைப் புகழ்தற்குச் சொல்லும் வார்த்தையன்று. ஜெர்மனி தேசத்து எபிங்ஹவுஸ் என்பவர் தம்மையே பரிசோதனைப் பொருளாக வைத்து ஆராய்ந்து, கற்றது தொடக்கத்தில் விரைவாகவும் பின்பு மெதுவாகவும் மறந்துபோம் என்று 1885ஆம் ஆண்டிலே நூல் வெளியிட்டார். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை அதனினும் நமக்குப் பயன்படுவது. மாணாக்கருள் ஒரு சாரார் ஒரு பாடப்பகுதியை நான்கு தவணையும் வாசித்தனர். வேறொரு சாரார் ஒரு தவணை வாசித்து, எஞ்சிய மூன்று தவணையும் அதனைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிஷங் கழித்துச் சோதித்தபோது வாசித்தவரே முந்தி நின்றனர். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோதோ, வாசித்தவர்க்கு நூற்றுக்கு 40 பங்கும் எழுதினவர்க்கு நூற்றுக்கு 61 பங்கும் நினைவில் நின்றன. அவர்கள் சிந்தித்தல் என்னும் சொல்லை அறியார். ஆயினும் அவர்கள் கண்டது அதுவே. பரீட்சையோ ஐந்து நிமிஷத்தின் பின் வருவதன்று.

யான் இதனைக் கற்றது இருட்டிலே. முதன்முறை உயர்தரத்துக்குத் தோற்றியபோது இரண்டு நிற மையால் அழகிய நோட்ஸ் எழுதி வைத்து, அதனையே பலமுறை வாசித்துச் சென்று, இரசாயனவியலிற் சித்தியடையாது மீண்டேன். மறுமுறைக்கு ஆயத்தஞ் செய்த காலம் யுத்தகாலம். 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோக, ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு நூற்றிரி கொளுத்தியே படித்தோம். மண்ணெண்ணெய் அன்று பொன்போல் இருந்தது. எட்டு மணிக்கெல்லாம் அம்மா வந்து, "காணும் ராசா, நாளைக்கும் வேணும்" என்று திரியை அணைத்துவிடுவார். எனக்கும் என் மைத்துனனுக்கும் படுக்க மனமில்லை. திண்ணையில் இருந்து, ஒருவன் வினாவ மற்றவன் விடை சொல்லத் தொடங்கினோம். சொல்ல வராத இடங்களை விரல்விட்டு எண்ணி வைத்து, விடிந்ததும் புத்தகத்திற் பார்ப்போம். அதிலும் விளங்காததற்கு ஆசிரியர் வீட்டுப் படலையைத் தட்டுவோம். யாம் எண்ணெயில்லாக் குறையாலே செய்த அது சிந்தித்தலும் தெளிதலும் என்பது எனக்குப் பல ஆண்டுகளின் பின்பே விளங்கிற்று. அம்முறை இருவேமும் சித்தியடைந்தோம். 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் நாட்கணக்காக மின்வெட்டு நேர்ந்தபோது மாணாக்கர் சிலர்க்கு இதனையே சொன்னேன். அவர்கள் முதலிற் சிரித்தார்கள், பின்பு செய்தார்கள்.

செய்யும் முறை எளிது. ஓர் அலகைப் படித்தவுடன் புத்தகத்தை மூடி, வெறுந்தாளிலே நினைவிலுள்ளதை எழுதுக. எழுத வராததைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையால் நிரப்புக. மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாளில் ஒருமுறை, வாரங்கழிந்து ஒருமுறை அவ்வாறே மீட்க. கடந்தகால வினாத்தாள்களை விடைநூலோடு சேர்த்து வாசித்தல் வீண்தொழில். மணிக்கூட்டை முன்வைத்து, பரீட்சை மண்டபத்தில் இருப்பது போல இருந்து எழுதியபின், புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்துக. பிழைகளுக்கென்றே ஒரு கொப்பி வைத்துக்கொள்க. கடைசி வாரத்திற் படிக்கவேண்டியது அந்தக் கொப்பியே. இரவு முழுதும் விழித்திராதீர்கள். பகலிற் கற்றது மனத்திற் பதிவது உறக்கத்திலேயாம். உறங்காது படிப்பவன் இறைத்த நீரை ஓட்டைக் குடத்தில் வார்ப்பவனாவான்.

இங்கே ஒருவர் ஆசங்கிக்கலாம்: பதிஞானத்தின் பொருட்டுச் சொல்லப்பட்ட நான்கினையும் பௌதிகவியலுக்கும் கணக்கியலுக்கும் ஏற்றுதல் தகுமோ என்று. நன்று கேட்டீர். அவை பாசஞானமேயாம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆன்மாவானது அறிவித்தால் அறியும் இயல்பினது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்களைக் கொண்டே இவ்வுலகிற் பொருளை அறிவது. சிறிய பொருளிலே கேட்டுச் சிந்தித்துத் தெளியப் பழகாத கரணம், பெரிய பொருளிலே திடீரெனப் பழகிவிடுமோ? மாட்டுக்கொட்டிலைக் கூட்டப் பழகாத கை திருவீதியைச் செவ்வையாகக் கூட்டுவது எங்ஙனம்?

வேறொரு சாரார், எல்லாம் தலையெழுத்துப்படி நடக்கும் என்று கையைக் கட்டியிருப்பர். பரீட்சை நெருங்குந்தோறும் இவர்க்குக் கன்ம சித்தாந்தத்திலே பற்று மிகும். பிராரத்தம் உண்டு என்பது மெய்யே. எந்த வீட்டிற் பிறந்தோம், எவ்வூரில் எப்பாடசாலை வாய்த்தது என்பன நம் கையில் இல்லை. ஆயின் இன்று யாம் செய்வது ஆகாமியம். அது நம் செயலாதலின் அன்றோ பின்பு நமக்கே பயனாய் வருகின்றது? பிராரத்தத்தைச் சாட்டி ஆகாமியத்தைக் கைவிடுவோன் சைவ சித்தாந்தத்தைப் பாதி படித்துப் புத்தகத்தை மூடினவன். நேர்த்திக்கடன் வைப்போர்க்கும் இதுவே விடை. நூற்றெட்டுத் தேங்காயைப் பிள்ளையாரோடு செய்யும் ஒப்பந்தமாக எண்ணற்க. சித்தத்தைச் சிதறாது வைத்தருள்க என்று இரந்து, வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறக்க.

சித்தஞ் சிதறுதற்கு இக்காலத்து முதற்காரணம் கைத்தொலைபேசி. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது என்று படிக்கின்றோம். அரைமணிக்கு ஒருமுறை அதனைச் சார்ந்தால் அதன் வண்ணமாவோம், வேறென்ன? படிக்கும் வேளையில் அது அடுத்த அறையிலே தாயார் வசம் இருக்கட்டும். தாயாரும் அதனை அப்போது நோண்டாதிருப்பாராயின் மிக நன்று.

யான் மிஷன் பாடசாலையிலே கற்றவன். அங்கே விடுதியில் மாலை ஏழு மணிக்கு மணி ஒலித்தால் ஒன்பது வரையும் ஒருவரும் வாய்திறவார். பொறுப்பாசிரியரும் தம் புத்தகத்தோடு எம்மிடையே இருப்பார். அவர்தம் சமயத்தை யான் கொள்ளவில்லை, அம்மௌனத்தைக் கொண்டேன். ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்றவர். அங்குக் கண்ட ஒழுங்கையும் அச்சுப்புத்தகத்தையும் விலக்காது எடுத்துக்கொண்டே 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார், பாலபாடங்களும் எழுதினார். நாமோ கட்டடத்தையும் மணியையும் எடுத்தோம், மௌனத்தை மறந்தோம். கோயில் அறங்காவலர்க்கு இவ்விடத்தில் ஒரு வார்த்தை. உயர்தரப் பரீட்சை ஆகஸ்டு மாதத்தில் நடந்த ஆண்டுகளிலே திருவிழாக்களும் அக்காலத்தே மலிந்திருந்தமையால், ஒலிபெருக்கிக்கு அஞ்சித் தலையணையாற் செவியை மூடிக்கொண்டு படித்த பிள்ளைகளை யான் அறிவேன். பரீட்சைமாதம் மாறினும் ஒலிபெருக்கி மாறவில்லை. திருமுறை ஓதுதல் அடியார் செவிக்கு. அரைக்கட்டைக்கு அப்பால் படிக்கும் பிள்ளையை வருத்துதற்கன்று. நாதஸ்வரமும் மணியும் வீதியளவில் ஒலித்தாற் சுவாமி கேளாரோ?

இனிப் பரீட்சையின் பின் யாது செய்வது என்பது. இதனைப் பரீட்சைக்கு முன்பே தாய் தந்தையரும் பிள்ளையும் ஓரிடத்திலிருந்து பேசுதல் வேண்டும். வைத்தியர், பொறியியலாளர் என்னும் இரண்டு சொற்களன்றி மூன்றாஞ் சொல் அறியாத வீடுகள் நம்மிடையே மிகப் பல. 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி கொண்டே பல்கலைக்கழக அநுமதி நடைபெறுகின்றது. வெட்டுப்புள்ளி மாவட்டந்தோறும் வேறுபடும். அநுமதிக்குத் தகுதி பெறுவோருள்ளும் பெரும்பாலார்க்கு அரச பல்கலைக்கழகத்தில் இடமில்லை. இடமின்மை பிள்ளையின் குற்றமாமோ? தேசிய கல்வியியற் கல்லூரி உண்டு. தொழினுட்பக் கல்லூரி உண்டு. உயர் தொழினுட்ப நிறுவகம் உண்டு. தொழில் பார்த்துக்கொண்டே கற்றற்குத் திறந்த பல்கலைக்கழகம் உண்டு. தேசிய தொழிற்றகைமைப் படிகளில் ஏறிப் பட்டம் வரையுஞ் செல்லலாம். இவற்றின் விண்ணப்ப விளம்பரங்களையும் தகைமைகளையும் இப்பொழுதே அறிந்து ஒரு தாளில் எழுதிவைக்க. தோற்றபின் தேடும் வழி தோல்வியின் வழியாகவே தோன்றும். முன்னரே எழுதிவைத்த வழி அங்ஙனந் தோன்றாது.

திருநாவுக்கரசு நாயனார் திருக்கைலாயத்தைக் காண விரும்பி வடக்கே நடந்தார். பாதந் தேய்ந்தபின் கைகளால் ஊன்றிச் சென்றார், கை தேய்ந்தபின் மார்பால் ஊர்ந்தார், பின்பு புரண்டார், அதுவும் இயலாது கிடந்தார். சிவபெருமான் முனிவர் வடிவாய் வந்து, மீண்டு செல்க என்றருள, ஆளுடைய அரசர் உடன்படவில்லை. ஈற்றிலே ஆங்குள்ள தடாகத்தில் மூழ்குமாறு பணிக்கப்பட்டு மூழ்கியவர், சோழநாட்டுத் திருவையாற்றுத் திருக்குளத்தில் எழுந்து, அங்கேயே கைலாயக் காட்சி பெற்றார். அவர் முயற்சியிற் குறை உண்டோ? இல்லை. தாம் குறித்த இடத்தை அடைந்தாரோ? அதுவும் இல்லை. காட்சி கிடைத்ததோ எனின், கிடைத்தது. தாம் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. மருத்துவபீடத்துக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளைக்கு இவ்வரலாற்றைச் சொல்லாது, அயல்வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றைச் சொல்லும் பெற்றோர் பெரியபுராணத்தை எதற்காக வீட்டில் வைத்திருக்கின்றனர் என்பது எனக்கு விளங்கவில்லை.

பெறுபேறு வெளியாகும் நாள் அபாயமான நாள். அன்று உயிரை மாய்த்துக்கொள்ளும் பிள்ளைகளின் செய்தி பத்திரிகைகளில் வருதலை நீங்களும் படித்திருப்பீர்கள். மானிடப் பிறவி பெறுதற்கரியது என்று பிரசங்கிப்போம். வீட்டிலோ மூன்று பாடத்துப் பெறுபேற்றுக்கு மேலாக அப்பிறவியை மதியோம். ஆதலால் தந்தைமார்களே, அந்நாளில் வேலைக்கு விடுமுறை பெற்று வீட்டில் இருங்கள். பெறுபேற்றைப் பிள்ளை தனியே அறையிற் பார்க்கவிடாது, அருகிலிருந்து பாருங்கள். உறவினர் தொலைபேசியில் அழைத்தால் நீங்களே பேசுங்கள். பிள்ளை உண்ணாது, பேசாது, நாட்கணக்கில் இருண்டிருப்பானாயின், 1926 என்னும் இலக்கத்தை அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தார் எந்நேரமும் பேசுவர், அதில் வெட்கமில்லை. உயர்தரத்துக்கு மும்முறை தோற்றலாம் என்பதையும் அன்றிரவே அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். எனக்கு அதனை அன்று சொன்னவர் என் தாயார். அடுத்த நாள் மாலையில் அந்தப் போத்தல் விளக்குக்குப் புதுத்திரி இட்டு மேசையில் வைத்தவரும் அவரே.