பாலைவனமும் அபயதானமும்



பொருள் உள்ளவனே பொருட்தானம் செய்ய வல்லவன். அஞ்சிய உயிருக்கு அஞ்சாதே என்று இடமளிக்கும் அபயதானமோ ஏழைக்கும் இயலும். பகவன் புத்தர் முதற்போதனை நிகழ்த்திய இசிபதனம் மான்கள் அச்சமின்றி உலவிய வனமன்றோ? அசோக மன்னர் முடிசூடி 26 ஆண்டுகள் சென்றபின் பொறித்த 5ஆம் தூண் சாசனத்தில், கொல்லலாகாத பறவை விலங்குகளைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தினார்; காடுகளை வீணே எரிக்கலாகாதென்றும் விதித்தார்.

அத்தகைய அபயஸ்தலம் ஒன்றை இராஜஸ்தானத்தில் கண்டோம். ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3162 சதுர கிலோமீட்டர் பரந்துள்ள பாலைவன தேசியப் பூங்கா அது, 1980இல் ஏற்பட்டது. மணற்குன்றுகள் அதில் ஒரு பகுதியே. எஞ்சியவை கல்தரையும் புதரும் புல்வெளியும். வன்னி மரம் நிழல் தருகிறது. சிங்காரா மானும் பாலைவன நரியும் வாழ்கின்றன. கானமயில் என்னும் பெரும்பறவைக்கு இன்று எஞ்சியுள்ள முக்கிய புகலிடமும் அதுவே. ஒரு மீட்டர் உயரமும் 15 கிலோ வரை எடையும் உள்ள அப்பறவை, பெரும்பாலும் ஒரே முட்டையை வெறுந்தரையில் இடும். இன்று இயற்கைச் சூழலில் உயிரோடிருப்பவை ஏறத்தாழ 150 என மதிப்பிடுகின்றனர்.

காரணம் யாது? முற்காலத்தில் வேட்டை, பின்னர் புல்வெளியின் அழிவு, இப்பொழுது மின்கம்பியும் சேர்ந்தது. அதன் கண்கள் தலையின் பக்கங்களில் அமைந்தவை. எதிரேயுள்ள கம்பி தெரியாது. தெரியும்பொழுது கனத்த உடலைத் திருப்ப இயலாமல் மோதி மாய்கிறது.

மின்சாரம் தீதென்பது நமது கருத்தன்று. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த கம்பியே நமது கோலார் தங்கவயலை ஒளிபெறச் செய்தது. ஒளியும் வேண்டும், உயிரும் வேண்டும் என்பதே மத்திம மார்க்கம். 2021இல் உச்சநீதிமன்றம், அப்பறவை வாழும் பகுதிகளில் கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்க ஆணையிட்டது. 2024இல் அதனைத் திருத்தி, நிபுணர் குழுவிடம் ஆராய ஒப்படைத்தது.

ஆனால் அந்நிலத்தைப் பாழ்நிலம் என்போர் உளர். சகோதரர்களே, பயனற்றது என்னும் சொல்லை நாம் நன்கறிவோம். நம் முன்னோரையும் அச்சொல்லாலேயே ஒதுக்கினர். ஓர் உயிரைப் பயனற்றதென்று சொன்னபின், அதனை மிதிக்க எவருக்கும் கூச்சம் உண்டாவதில்லை.

மெய்யான பாழ்நிலம் எது? ஆலையில் கல்லைப் பொடியாக்கிய கைகள் நமது கைகள். 1880 முதல் 2001 வரை பொன்னை எடுத்தபின் கொட்டிய கழிவே இன்று சயனைடு மலைகளாய் நிற்கின்றது. காற்றடித்தால் அத்தூள் நம் பிள்ளைகளின் மூச்சில் கலக்கின்றது. மழையற்ற பாலை உயிர்களைப் போற்றுகின்றது. மழை பெற்ற நம் மண்ணையோ பேராசை பாலையாக்கிற்று. திருஷ்ணையே துக்கத்திற்கு மூலம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆகையால், பஞ்சசீலத்தின் முதற் சீலத்தை வாயால் ஓதுவதோடு நில்லாதீர். நம்மூரைச் சூழ்ந்த கரட்டில் கோடைப் புல்லுக்குத் தீயிடாதீர். முயலுக்கும் கௌதாரிக்கும் கண்ணி வைக்காதீர். வாசலில் பறவைக்கு நீர் வையுங்கள். எவ்வுயிரையும் எம்மனிதரையும் பயனற்றதென்று பேசலாகாதெனப் பிள்ளைகளுக்குப் போதியுங்கள். அதுவே நம்மால் இயன்ற அபயதானம்.

சர்வ ஜீவர்களும் அச்சம் நீங்கிச் சுகமுறுக!

சாது! சாது! சாது!