பக்கத்தில் நிற்பவரின் கை

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் அல்லர். முன்னால் நிற்பவர் சிலுவை அடையாளம் போடுவதைப் பார்த்துத் தாமும் நெற்றிக்கும் மார்புக்கும் கையைக் கொண்டுபோகிற அம்மாக்களை அங்கே பார்க்கலாம். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மண்டியிட்டவர் அருகில் நின்றால் முழங்கால் தானாக மடிகிறது. அதில் பக்தி உண்டு. ஆனால் பக்திக்கும் முந்திய ஒன்று அதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: கண் பார்த்த அசைவை உடல் உள்ளுக்குள் செய்து பார்த்துவிடுகிறது.

இத்தாலியின் பார்மா நகரில் 1990களின் தொடக்கத்தில் ஜியாகோமோ ரிசொலாட்டியும் அவருடைய குழுவினரும் குரங்குகளின் மூளையில் இதைக் கண்டார்கள். குரங்கு தானே ஒரு பொருளை எடுக்கும்போது கிளர்ந்த அதே நரம்பணுக்கள், எதிரில் இன்னொரு கை எடுப்பதைப் பார்த்தபோதும் கிளர்ந்தன. மனித மூளைக்கு இது எவ்வளவு பொருந்தும் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 2003இல் லண்டனில் ஜேம்ஸ் கில்னர் குழுவினர் வெளியிட்ட சோதனை இன்னும் நேரடியானது. ஒருவர் கையை மேலும் கீழும் அசைக்கிறார். எதிரில் இருப்பவர் பக்கவாட்டில் அசைக்கிறார். பார்ப்பவரின் கை தன் பாதையிலிருந்து விலகித் தடுமாறியது. எதிரில் மனிதருக்குப் பதில் இயந்திரக் கை அசைந்தபோது அந்தத் தடுமாற்றம் இல்லை.

மனிதரின் அசைவுதான் தொற்றுகிறது போலும். 1999இல் சார்ட்ராண்ட், பார்க் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், பக்கத்தில் இருப்பவர் காலாட்டினால் காலாட்டியவர்களுக்கும், முகம் தடவினால் முகம் தடவியவர்களுக்கும் தாங்கள் அப்படிச் செய்தது தெரியவே இல்லை. என்னை அலைக்கழிப்பது இதுதான். என் நடை, நான் கை நீட்டும் விதம், கோபத்தில் கதவைச் சாத்தும் வேகம், இவற்றில் எவ்வளவு என்னுடையது?

ஏலாக்குறிச்சியில் இருந்துகொண்டு இதை யோசித்தால், இங்கே வாழ்ந்து மதப்பணி செய்த பாதிரியார் வீரமாமுனிவர் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார். 1680இல் இத்தாலியின் காஸ்டிக்லியோனேயில் பிறந்தவர், முப்பது வயதையொட்டித்தான் தமிழ்நாடு வந்தார். உடல் பழகி இறுகிவிட்ட வயது. காவி உடுத்தார், புலால் விட்டார். ஓலையைக் கையில் ஏந்தி எழுத்தாணியால் கீறுகிற ஊரில், எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டுக்கு வரிவடிவமே திருத்தினார். இலக்கணத்தை ஏட்டிலிருந்து படிக்கலாம். தரையில் சம்மணமிடுவதையும் இலையில் கையால் சாப்பிடுவதையும் எந்த ஏடு சொல்லித்தரும்? எதிரில் உட்கார்ந்தவரைப் பார்த்துப் பார்த்துத்தான் வந்திருக்கும். யாரைப் போல ஆக வேண்டும் என்று முதலில் முடிவுசெய்தார். பிறகு அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தார். அவருடைய மதப்பணியோடு உடன்படாதவர்கள்கூட இந்தப் பணிவை மதிக்கலாம்.

கொள்ளிடக் கரை வயல்களில் இதை நன்றாக அறிந்தவர்கள் நடவுப் பெண்கள். இடக்கையில் நாற்று முடி. வலக்கை இரண்டு மூன்றாகப் பிரித்துச் சேற்றில் ஊன்றும். வரிசை மொத்தமும் பின்னோக்கி நகரும். முதல்முறை இறங்கும் பெண்ணை வரிசையின் ஓரத்தில் விடாமல், கை தேர்ந்த இருவருக்கு நடுவில் நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். "சொன்னா வராது, பாத்துக்கிட்டே நடு, வந்துரும்" என்றார் ஒரு அக்கா.

பிள்ளைகளுக்கு நாம் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். திருமானூர் பேருந்தில் ஏறும்போது முண்டியடிக்கும் அப்பாவின் முழங்கையை, அவர் கையைப் பிடித்திருக்கும் குழந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்த நிறுத்தத்தில் ஏறும் கிழவிக்கு அவர் எழுந்து இடம் கொடுத்தால், அதையும் அது பார்க்கும்.