வரப்பும் தாங்கல் வாசலும்



அன்புக்கொடி மக்களே, ஒரத்தநாட்டு வயல்வெளியில் ஒரு வழக்கம் உண்டு. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது என்றால், வாய்க்கால் தொடாத வயலுக்கு அது மேல்வயல் வழியாகத்தான் பாய வேண்டும். பட்டா மேல்வயல்காரர் பெயரில் இருந்தாலும் மடையை அவர் அடைப்பதில்லை. நாற்றுக்கட்டு போகும் வரப்புக்கும், பாடை போகும் வழிக்கும் இதே நியாயம்தான். 20 ஆண்டு தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்திய வழியை 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டமும் காக்கிறது. ஆனாலும் நிலம் கைமாறியதும் சிலர் வேலி போடுகிறார்கள். பிறகு நிற்கிற பயிருக்குள் இறங்கித்தான் பிணத்தைச் சுமக்க வேண்டும். சுமப்பவருக்கும் பழி, பயிருக்கும் பழி. இது கலியன் வேலை அல்லாமல் வேறென்ன?

அதே ஒரத்தநாட்டில்தான் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. இராமேசுவரம் போகும் வழிப்போக்கர் அங்கே தங்கி உண்டார்கள். தஞ்சைச் சத்திரங்களில் எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு என்று மன்னரே 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதினார். சமைத்த சோறு வேண்டாம் என்பவருக்கு அரிசியாகக் கொடுத்தார்கள். பெரிய தர்மம்தான், ஆனால் அடுப்பு இரண்டாகவே இருந்தது.

அய்யா வைகுண்டர் அந்த இரண்டையும் ஒன்றாக்கினார். பொதுக்கிணற்றைச் சில சாதியார் நெருங்க முடியாத திருவிதாங்கூரில், சாமிதோப்பு முந்திரிக் கிணற்றில் பதினெட்டுச் சாதியும் ஒரே நீரை இறைத்தது, ஒன்றாய் உண்டது.

இனி நம் வாசலைப் பார்ப்போம். பல நிழல் தாங்கல்கள் ஒரு குடும்பத்தின் பட்டா நிலத்தில் எழுந்தவை. கொடுத்த பெரியவர் வாய்வார்த்தையாகக் கொடுத்துவிட்டுப் போனார். பேரன் காலத்தில் ஞாயிறு பணிவிடை முடிந்ததும் பூட்டு விழுகிறது, கிணற்றடிக்கு வந்தவரை "யார் வீட்டு ஆள்?" என்று கேட்கிறார்கள். பள்ளியறைக் கண்ணாடியில் தன்னையே கண்டு வணங்க வந்தவர் தெருவிலே நிற்கிறார். சுற்றுவழியில் முள்வேலி போட்டுவிட்டு உள்ளே உச்சிப்படிப்பு படித்து என்ன பயன்?

அப்படிப்பட்ட குடும்பங்கள் பாகப்பிரிவினைக்கு முன்பே தாங்கல் மண்ணையும் கிணற்றையும் அதற்குப் போகும் வழியையும் தானப் பத்திரமாகப் பதிவு செய்துவிடட்டும். வழியின் அகலத்தையும் அதில் அளந்து எழுதட்டும். ஒரு தொட்டில் வாகனம் தட்டாமல் போகும் அகலம் வேண்டும்.